பெரியவர் முடிச்சு

பெரியவரின் பட்டறையில் ஆணி கிடையாது, பசை கிடையாது, திருகாணி கிடையாது. இதை அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். கேட்காதவர்களிடம் இரண்டு தடவை சொல்லுவார். மரத்தை மெல்லிய சட்டமாகச் சீவி, ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் விலா எலும்பு மாதிரி வளைக்க வேண்டும். வளைத்த விலாக்களின் மேல் நீளச் சட்டங்களை வைத்து, மெழுகு பூசிய நூலால் ஒவ்வொரு சந்திப்பிலும் கட்ட வேண்டும். அப்படிக் கட்டி முடித்ததற்குக் கூடு என்று பெயர். கூட்டின் மேல் கெட்டித் துணியைப் போர்த்தித் தைத்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் துணி சுருங்கி விறைப்பாகும். மேலே வார்னிஷ் அடித்தால் தோணி தயார். அந்தத் துணியைப் பட்டறையில் தோல் என்பார்கள். ஆணி இல்லாத தோணியில் முடிச்சுதான் எல்லாம். முடிச்சு நழுவினால் ஆள் தண்ணீருக்குள் போய்விடுவார்.

பெரியவர் போடும் முடிச்சு நழுவியதே இல்லை. மூன்று சுற்று, ஒரு உள்வாங்கல், நுனியைப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டு குண்டூசித் தலை மாதிரி ஆக்கிவிடுவார். ஏரிக்கரையில் படகு வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். "பெரியவர் முடிச்சு" என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் அவர் காது கேளாதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். அப்போதுதானே மறுபடி ஒரு தடவை சொல்லுவார்கள்.

பட்டறையில் மூன்று பேர். பெரியவர், தையல் வேலை செய்யும் அவர் மனைவி, அவருக்கு ஏழு வயது இளையவனான தம்பி. தம்பிக்கு நாற்பத்தேழு வயது ஆகிறது, கல்யாணம் ஆகவில்லை, மாடியறையில் படுத்துக்கொள்வான். பட்டறையில் ஒரு சட்டமும் உண்டு. மோசமான முடிச்சு போட்டவன் அதைத் தன் நகத்தாலேயே அவிழ்க்க வேண்டும். கத்தி கூடாது, கத்தரிக்கோல் கூடாது, பல்லும் கூடாது. அவிழ்த்து முடியும்வரை மற்றவர்கள் கைவேலையைப் போட்டுவிட்டு நின்று பார்க்க வேண்டும். சட்டம் எல்லோருக்கும் பொதுதான். ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் அது தம்பியின் மேல் மட்டுமே பாய்ந்தது.

பார்க்க ஆள் போதவில்லை என்றால் பெரியவர் எதிர்க்கடைக்குக் குரல் கொடுப்பார். சவரக்கடைக்காரர் பாதி மழித்த முகத்தை நாற்காலியில் விட்டுவிட்டு ஓடி வருவார். தம்பி கூட்டின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மெழுகு ஏறிய நூலை நகத்தால் நெம்பிக்கொண்டிருப்பான்.

"கட்டும்போது இருந்த அவசரம் அவுக்கும்போது எங்கடா போச்சு?" என்பார் பெரியவர்.

சவரக்கடைக்காரர் சிரிப்பார். தோணி வாங்க வந்த ஒரு அம்மாள் ஒருமுறை தாங்க மாட்டாமல், "போதும் விடுங்க பெரியவரே, பாவம்" என்றாள். பெரியவர் கூட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு இருக்கு" என்றார். தம்பியின் வலது கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்து, அப்புறம் ஒழுங்காக வளரவே இல்லை. அவன் முடிச்சுகள் அப்படியொன்றும் மோசமும் இல்லை. இரண்டு சுற்று, கொஞ்சம் நீண்ட வால். பிடிக்கும், ஆனால் பார்க்க அழகாக இருக்காது. அந்த வாலைத்தான் பெரியவரால் பொறுக்க முடியவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் டீச்சர் வந்தாள்.

டீச்சருக்கு இடது கை தோளோடு இல்லை. பஸ் விபத்து. அதற்கு முன்னால் விடுமுறை நாள் தவறாமல் ஏரியில் துடுப்புப் போட்டவள். கட்டெல்லாம் பிரித்தபின் மறுபடி ஏரிக்கு வந்தாள். துடுப்பின் மேல்நுனியைத் தோளில் ஒரு வாரில் மாட்டிக்கொண்டு, வலது கையால் வலது பக்கம் மட்டும் தள்ளினாள். வலதுபக்கம் மட்டும் தள்ளினால் தோணி இடதுபக்கம் திரும்பும். திரும்பித் திரும்பி ஒரே இடத்தில் வட்டம் போட்டது. கரையில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கடிகாரம் வந்துடுச்சு, ஆனா பின்னாடி ஓடுற கடிகாரம்" என்றார் சவரக்கடைக்காரர். அன்றிலிருந்து அவள் பெயர் கரையில் கடிகாரம்தான்.

அவள் பட்டறைக்கு வந்து, தனக்கென்று ஒரு தோணி கட்டித் தர முடியுமா என்று கேட்டாள். பெரியவர் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"டீச்சரம்மா, ஏற்கெனவே நீங்க ஓட்டினது நான் கட்டினதுதான். தோணியில குறை இல்ல. ஆளுலதான் குறை."

மூலையில் விலா இழைத்துக்கொண்டிருந்த தம்பி தலையை நிமிர்த்தினான்.

"அண்ணா, நான் ஒண்ணு கட்டிப் பாக்கவா?"

பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பைத் தனியாக அனுபவிக்க மனசு வராமல் எதிர்க்கடைக்குக் குரல் கொடுத்தார். சவரக்கடைக்காரர், அவரிடம் முடி வெட்ட உட்கார்ந்திருந்த தபால்காரர், தெருவில் போன இரண்டு பேர் எல்லோரும் வந்தபின் சொன்னார்:

"எல்லாரும் கேட்டுக்கோங்கப்பா. என் தம்பி தோணி கட்டப் போறான். அது இந்தம்மாவை வெச்சுக்கிட்டு எதிர்க்கரைக்கு நேரா போய்ச் சேர்ந்துச்சுன்னா, பட்டறைச் சாவியை அவன் கையில குடுத்துட்டு, நான் அவனுக்கு மரம் சீவிப் போடறேன். போதுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. தம்பி அவளிடம் போய், "நாளைக்கு ஏரிக்கு வரீங்களா? நீங்க ஓட்டுறதை நான் பாக்கணும்" என்றான்.

நாலு நாள் அவன் கரையில் உட்கார்ந்து அவள் போடும் வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். நூல் வைத்து அவள் கையை அளந்தான், மண்டியிட்டு உட்காரும்போது உடம்பு எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று அளந்தான். பட்டறைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு அழித்து, போட்டு அழித்து, கடைசியில் டீச்சரையும் வைத்துக்கொண்டு அண்ணனிடமே விளக்கினான்.

"டீச்சர் தள்ளினா தோணி இடதுபக்கம் போகுது. அடிக்கட்டையை ரெண்டு விரக்கடை வில்லு மாதிரி வளைச்சுக் கட்டிட்டா, தோணி தானா வலதுபக்கம் போகப் பாக்கும். ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுத்துக்கிட்டு நேரா போயிடும் அண்ணா."

"கோணல் தோணி கட்டப் போறேன்னு நேரா சொல்லிட்டுப் போயேன்டா" என்றார் பெரியவர்.

ஆறு வாரத்தில் கூடு முடிந்தது. மேலிருந்து பார்த்தால் மற்ற தோணி மாதிரிதான் இருந்தது. அடியில் மட்டும், முனையிலிருந்து முனைக்கு ஓடும் அடிக்கட்டை நடுவில் ஏழு விலாக்களுக்கு ஒரு பக்கமாக ஒதுங்கி மறுபடி நேர்க்கோட்டுக்கு வந்தது. ஒரு நாள் காலை தம்பி கைகழுவப் போன சமயம் பெரியவர் முழங்கால் போட்டு, ஒரு கண்ணை மூடி, அடிக்கட்டையை ஒரு முனையிலிருந்து பார்த்தார். கேலி செய்யத்தான் குனிந்தார். குனிந்தவர் அப்படியே இருந்துவிட்டார்.

அது போகும். முப்பது வருஷம் தோணி கட்டிய கண்ணுக்கு அது தண்ணீரில் விடாமலே தெரிந்தது. அந்த வளைவு எங்கே தொடங்க வேண்டுமோ அங்கே தொடங்கி, எங்கே முடிய வேண்டுமோ அங்கே முடிந்திருந்தது. அவருக்கு அப்படி ஒன்று தோன்றியதே இல்லை. இனியும் தோன்றாது என்பதும் அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.  சாவியைப் பற்றிக்கூட அவர் அப்போது நினைக்கவில்லை. கரையில் எல்லோரும் "சின்னவர் தோணி" என்று சொல்லப்போவதைத்தான் நினைத்தார்.

மறுநாள் தம்பி தோலுக்குத் துணி வாங்க முதல் பஸ்ஸில் கிளம்பிப் போனான். போனால் திரும்பப் பொழுது சாயும். பத்து மணிக்குப் பெரியவர் பட்டறைக் கதவை உள்ளே தாழிட்டார். அடிக்கட்டையை வளைத்துப் பிடித்திருந்த தம்பியின் ஏழு முடிச்சுகளையும் கத்தியால் அறுத்தார். சட்டம் ஞாபகம் வந்தது. ஆனால் அவர் கட்டிய முடிச்சு இல்லையே அது. ஏழாவது அறுந்ததும் அடிக்கட்டை தானாகவே துள்ளி நேராக நிமிர்ந்துகொண்டது. மரத்துக்கு என்ன தெரியும், வளைத்துப் பிடித்த கை போனால் நிமிர்ந்துகொள்ளும்.

இனி அதை நேராகவே கட்ட வேண்டும். தம்பி மாதிரி இரண்டு சுற்று சுற்றி, வாலை நீளமாக விட்டால் ஒருவருக்கும் தெரியாது. பெரியவர் நூலை எடுத்தார். இரண்டு சுற்று சுற்றினார். வால் அசிங்கமாகத் தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவிழ்த்தார். மறுபடி இரண்டு சுற்று சுற்றினார், மறுபடி அவிழ்த்தார். முடியவில்லை. தன் கையால் ஒரு மட்டமான முடிச்சு போட்டு, அது யாரும் பார்க்காத இடத்தில் இருந்தால்கூட, அன்று ராத்திரி அவரால் தூங்க முடியாது. மூன்று சுற்று, ஒரு உள்வாங்கல், கம்பியைக் காய்ச்சி நுனியில் ஒரு சூடு. ஏழும் கோத்த மணி மாதிரி வரிசையாக உட்கார்ந்தன. திருடப் போன வீட்டில் பெயரையும் விலாசத்தையும் எழுதி வைத்துவிட்டு வருகிற திருடனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பெரியவர் அந்த ரகம்.

அறுந்த நூலைக் கூட்டி அடுப்பில் போடும்போது மனைவி பின்கதவு வழியாக வந்தாள். கூட்டைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷம் முடிச்சுகளின் மேல் துணி போர்த்திய கண்ணுக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

"இது என்ன, இங்க உங்க முடிச்சு?"

"உன் வேலை தைக்கிறது. வாயையும் சேர்த்துத் தைச்சுக்கோ."

அவள் கழுத்தில் கயிற்றில் தொங்கிய கத்தரிக்கோலை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.  பெரியவர் பரணிலிருந்து தன் துணியை இறக்கினார். தனக்கென்று ஒரு தோணி கட்டும்போது போடலாம் என்று மூன்று வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த உயர்ந்த துணி. மாலைக்குள் அவள் அதைப் போர்த்தித் தைத்து, இஸ்திரியும் தேய்த்துவிட்டாள். உள்ளே டீச்சர் மண்டியிடும் இடத்தில், ஏழு விலாக்களையும் மறைக்கிற மாதிரி ஒரு மரத்தட்டியைப் பெரியவரே கட்டிப் பொருத்தினார்.

தம்பி துணி மூட்டையோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டான்.

"உன் மொத தோணிடா. அதுக்குக் கண்ட துணியையும் போட விடுவேனா? என் துணியைப் போட்டுட்டேன். அண்ணன் சீர்னு வெச்சுக்கோ."

தம்பி அண்ணனின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கை ஈரமானது. அப்புறம் வழக்கம்போலக் குனிந்து, அடியை ஒரு முனையிலிருந்து பார்க்கப் போனான். பாதி குனிந்தவன் நிறுத்திக்கொண்டான். அண்ணன் சீர் என்று கொடுத்ததைச் சோதித்துப் பார்க்கிற மாதிரி ஆகிவிடுமே என்று தோன்றியிருக்க வேண்டும். நிமிர்ந்து, துணியை மட்டும் தடவிக்கொடுத்தான். பெரியவருக்கு நெஞ்சில் ஏதோ சுருக்கென்றது. கொஞ்சம்தான். சாப்பிட உட்கார்ந்தபோது சரியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்கரையில் நாற்பது ஐம்பது பேர். சவரக்கடைக்காரர் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். தம்பி சலவைச் சட்டை போட்டிருந்தான். டீச்சர் தோணியில் ஏறி, தட்டியின் மேல் மண்டியிட்டு, துடுப்பைத் தோள்வாரில் மாட்டிக்கொண்டாள். எதிர்க்கரையில் ஒரு வெள்ளைச் சுவர் தெரிந்தது. அதைக் குறிவைத்துத் தள்ளினாள்.

முதல் தள்ளலில் தோணியின் மூக்கு இடதுபக்கம் நகர்ந்தது. தம்பி ஒரு அடி முன்னால் வந்தான். இரண்டாவது, மூன்றாவது. மூக்கு மெதுவாக வெள்ளைச் சுவரை விட்டு விலகி, புதரைக் காட்டி, கரையில் நின்றவர்களையே காட்டி, மறுபடி சுவருக்கு வந்தது. ஒரு வட்டம்.

"மணி ஒண்ணு!" என்றார் சவரக்கடைக்காரர்.

கரை முழுக்கச் சிரிப்பு. டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் வேகமாகத் தள்ளினாள். வேகமாகத் தள்ளினால் வேகமாகத் திரும்பியது. "மணி ரெண்டு! மணி மூணு!" கூட்டமே சேர்ந்து எண்ணியது. பெரியவர் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எட்டாவது வட்டத்தில் டீச்சர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துவிட்டாள். அவள் அழுகிறாளா என்று பார்க்கச் சிலர் எட்டிப் பார்த்தார்கள்.

"என்னடா தம்பி, தோணி தானா வலதுபக்கம் போகும்னியே? அதுக்கு வழி சொல்லிக் குடுக்க மறந்துட்டியா?"

தம்பி சட்டையோடு தண்ணீரில் இறங்கினான். மார்பளவு தண்ணீரில் தோணியைப் பிடித்து, ஒரு கையை அடியில் விட்டு, அடிக்கட்டையோடு தடவிக்கொண்டே நடந்தான். நடுவில் கை நின்றது. திரும்பத் தடவினான். தோணியைக் கரைக்கு இழுத்துவந்து, டீச்சரை இறக்கிவிட்டு, தட்டியைத் தூக்கி எடுத்தான்.

ஏழு முடிச்சும் வெயிலில் பளபளத்தன.

சவரக்கடைக்காரர் தலையை நீட்டினார். அவர் மனுஷன் வஞ்சகம் இல்லாதவர், வாய்தான் நீளம். "அட, இது பெரியவர் முடிச்சாச்சே! என்ன அழகு பாரு!" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

 பெரியவர் உடனே சமாளித்தார்.

"ஆமா, நான்தான் கட்டினேன். அவன் கோணலா கட்டி வெச்சிருந்தான். ஊர் சிரிக்கக் கூடாதேன்னு நேராக்கினேன். கூடப்பிறந்தவன் இதைக்கூடச் செய்யக் கூடாதா?"

இரண்டொருவர் தலையாட்டினார்கள். டீச்சர் பாவாடையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றுகொண்டிருந்தாள்.

"அந்தக் கோணலைத்தான் நான் கேட்டேன்" என்றாள். "உங்ககிட்டயும் அவர் சொல்லியிருக்கார். தரையில வரைஞ்சு காட்டினாரே, நீங்க பக்கத்துலதானே நின்னீங்க."

தலையாட்டியவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். தம்பி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தான். கத்தவில்லை, அழவும் இல்லை. பெரியவர் அவன் திட்டுவான் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் பதிலுக்கு இரண்டு அறை கொடுத்து விவகாரத்தை முடித்திருப்பார்.

"அண்ணா, உக்காருங்க" என்றான் தம்பி.

"எதுக்கு?"

"முடிச்சு தப்பு. கட்டினவங்கதானே அவுக்கணும்?"

பெரியவர் சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் நகரவில்லை. அத்தனை பேரும் அவர் பட்டறையில் ஒருமுறையாவது நின்று வேடிக்கை பார்த்தவர்கள்தான். சட்டம் எல்லோருக்கும் மனப்பாடம். அவர் விளையாட்டு மாதிரி சிரித்துக்கொண்டே தோணியின் பக்கத்தில் உட்கார்ந்து, இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார். தம்பி குனிந்து அதை அவர் கையிலிருந்து, குழந்தை கையிலிருந்து எடுப்பது போல மெதுவாக எடுத்துக்கொண்டான்.

பெரியவர் மனைவியைப் பார்த்தார். கத்தரிக்கோல் அவள் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டெட்டு வைத்தால் கைக்கு எட்டும். அவள் அதை எடுத்து முந்தானைக்குள் சொருகிக்கொண்டாள்.

"பல்லும் கூடாது" என்றாள்.

முதல் முடிச்சுக்கே கால் மணி நேரம் ஆனது. சுட்டு உருட்டிய நுனி உள்ளே இழுபடவில்லை. நூல் தண்ணீர் குடித்து இன்னும் இறுகியிருந்தது. எங்கே நெம்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அந்த இடத்தில் யாரும் நெம்ப முடியாதபடிதான் அவர் அந்த முடிச்சை உண்டாக்கியிருந்தார். உலகத்தில் எவனாலும் இதை அவிழ்க்க முடியாது என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார். அந்த அவமானத்தின் நடுவிலும் அவருக்குள் ஒரு மூலை, பார் எப்படிக் கட்டியிருக்கிறேன் என்று பெருமைப்பட்டது. அந்த மூலையை அவரே அப்போது வெறுத்தார்.

"கட்டும்போது இருந்த அவசரம்..." என்று சவரக்கடைக்காரர் பழக்கதோஷத்தில் ஆரம்பித்து, பாதியில் விழுங்கிக்கொண்டார்.

இரண்டாவது முடிச்சில் ஆள்காட்டி விரல் நகம் சதையை விட்டு எழும்பியது. மூன்றாவதில் கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்தது. யாரும் சிரிக்கவில்லை. யாரும் போகவும் இல்லை. வெயில் ஏறியது. நாலாவது அவிழ்ந்தபோது விலாவின் வெள்ளை மரத்தில் ரத்தம் நீளமாக இழுபட்டிருந்தது. விரல்கள் ஐந்தாவது முடிச்சைத் தொட முடியாமல் அதன் மேல் சும்மா கிடந்தன.

"போதும் விடுங்க சின்னவரே" என்றாள் டீச்சர். "பாவம்."

பெரியவர் தலையைத் தூக்கினார். சின்ன வயதிலிருந்து தன் பின்னாலேயே நடந்து வந்த தம்பியின் முகத்தை, வாழ்க்கையில் முதல்தடவையாக, ஏதாவது கொடுக்காதா என்று பார்த்தார்.  

தம்பி பக்கத்தில் வந்து முழங்கால் போட்டான். ஒரு கண்ணை மூடி, அடிக்கட்டையை முனையிலிருந்து முனைவரை நிதானமாகப் பார்த்தான்.

"இன்னும் மூணு இருக்கு" என்றான்.